திறக்க மறுத்த சாப்பாட்டுப் பெட்டி

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு, வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு, ஓர் எவர்சில்வர் பெட்டியின் மூடியை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தி மூடினேன். நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வான்காரர் அனுப்பிய செய்தி அதே நிமிடத்தில்தான் கைபேசியில் வந்தது. அந்தச் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை. (அழிக்கலாம்தான். சாட்சிக்கு ஒன்று இருக்கட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன்.) அந்த ஒரு நிமிடத்தில் நான் இரண்டு பிழைகள் விட்டேன். முதலாவது பிழை பத்தரை மணிக்குத் தெரிய வந்தது. இரண்டாவது தெரிய வரப் பதினொன்றேகால் ஆனது.

இதை எழுதும் இந்த மத்தியானத்தில், என் அலுவலக யன்னல் கம்பியில் ஒரு லஞ்ச்சீட், உடுப்புக் காயப்போடும் கிளிப்பில் தொங்கிக் காய்ந்துகொண்டிருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை ஒன்று நேற்று அதைக் காட்டி, "சேர், அது என்னத்துக்கு?" என்று கேட்டது. "பிறகு சொல்லுறன் பிள்ளை" என்றேன். பழைய ஆட்கள் எல்லோரும் குனிந்து கோப்புகளைப் பார்த்தார்கள். கோப்புகளுக்குள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

லஞ்ச்சீட் என்றால் என்னவென்று கொழும்பில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வேறு ஊர்க்காரருக்காகச் சொல்கிறேன். சோற்றுப் பார்சல் சுற்றுகிற மெல்லிய பொலித்தீன் தாள் அது. கடையில் சாப்பிட உட்கார்ந்தால் கோப்பையின் மேல் அதை விரித்துத்தான் சோறு போடுவார்கள். கோப்பை கழுவும் வேலை மிச்சம். நாங்கள் அதற்கும் ஒரு படி மேலே போனவர்கள். பிள்ளையின் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயும் ஒரு லஞ்ச்சீட்டை விரித்து, அதன் மேல் சாப்பாட்டை வைத்து, நான்கு பக்கமும் மடித்து, பிறகு பெட்டியை மூடுவோம். பின்னேரம் பெட்டி திரும்பி வரும்போது புதுப் பெட்டி போல் வரும். எங்கள் வீட்டில் ஆறு வருடமாக இந்த விரித்தலும் மடித்தலும் என் பொறுப்பு. என் மனைவி ஜெயந்தி கல்கிசையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். ஆறேகாலுக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டுவிடுவாள். சமைப்பது அவள், கட்டுவது நான்.

நான் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். எது எப்போது எரியும், எது எப்போது விழும் என்று முன்கூட்டியே கவலைப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். சம்பளம் இல்லாத நேரத்திலும் அதையே செய்வேன். மகள் அபி இருமினால் நான் இரவில் எழும்பிக் குந்திக்கொண்டிருப்பேன். ஆகவே அவளுடைய நாலாம் வகுப்பு ஆசிரியை மெட்டில்டா டீச்சரிடமிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தபோது, சாதாரணத் தகப்பன்மார் வாசிப்பதுபோல் என்னால் அதை வாசிக்க முடியவில்லை.

கடிதம் சொன்னது இவ்வளவுதான்: அடுத்த வாரம் பிள்ளைகளின் சாப்பாட்டில் பிளாஸ்டிக், பொலித்தீன் பாவனையை இயன்றளவு குறைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஒரு மரம் வரைந்து ஒட்டியிருக்கிறோம். குறைத்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு நாளுக்கு ஓர் இலை.

'இயன்றளவு' என்ற சொல் என் கண்ணில் படவேயில்லை.

அன்று பின்னேரம் அபியின் சாப்பாட்டுப் பையைக் கொட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் லஞ்ச்சீட், பெட்டி ஒழுகினால் என்று அதைச் சுற்றி ஒரு சொப்பிங் பை, அந்தப் பை ஒழுகினால் என்று இன்னொரு சொப்பிங் பை, ஐஸ்கிறீம் கடையில் தந்த கரண்டி. ஒரு பிடி புட்டுக்கு இத்தனை உடுப்பா? இந்த உடுப்பையெல்லாம் போட்டுவிட்டவன் நான். குற்றம் செய்தவன் திருந்தினால் எப்படித் திருந்துவான் என்று உங்களுக்குத் தெரியும். அக்கம்பக்கம் எல்லோரையும் திருத்தாமல் விடமாட்டான்.

முதலில் வீட்டில் லஞ்ச்சீட்டைத் தடை செய்தேன். மீதமிருந்த கட்டைக் குப்பையில் போட மனம் வரவில்லை. (குப்பையில் போட்டாலும் அது பூமிக்குத்தானே போகும்?) குசினியில் அரிசி வாளிக்குப் பின்னால் கண்ணில் படாமல் செருகி வைத்தேன். பிறகு, மருதானையில் ஒரு பாத்திரக் கடைக்குப் போய் எவர்சில்வர் பெட்டி ஒன்று வாங்கினேன். ரப்பர் வளையம் கூட இல்லாத பெட்டி வேண்டும் என்று கேட்டதும், கடை முதலாளி ஒன்றை எடுத்து, தண்ணீர் ஊற்றி, மூடியை அழுத்தி, அன்றைய பத்திரிகைக்கு மேல் தலைகீழாகப் பிடித்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"பாத்தீங்களா சேர்? இதுக்குள்ள போனது நீங்க சொல்லாம வெளிய வராது" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஜெயந்தி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பழைய பெட்டிக்கு என்னப்பா குறை?"

"அது பிளாஸ்டிக்."

"அது ஆறு வருசமா உடையாம இருக்குது. சீட்டை விட்டிட்டு அந்தப் பெட்டியைக் கழுவினால் போதாதோ? இருக்கிறதை மூலையில போட்டிட்டுப் புதுசு வாங்கிறதுதான் உங்கட குறைப்போ?"

விஞ்ஞான ஆசிரியைகளோடு வாதாடுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அவர்கள் சொல்வதில் பெரும்பாலும் நியாயம் இருக்கும். நான் பேச்சை மாற்றி, வான் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. செவ்வாய்க்கிழமை வகுப்புப் பெற்றோர் கூட்டம் நடந்தது. யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று மெட்டில்டா டீச்சர் ஒரு மரியாதைக்குக் கேட்டார். நான் எழும்பினேன். சட்டைப் பையிலிருந்து ஒரு லஞ்ச்சீட்டை எடுத்து, செத்த பல்லியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். "இதை நல்லாப் பாருங்கோ. நானும் நீங்களும் எல்லாரும் போன பிறகும் இது இருக்கும்" என்றேன். ஓர் அம்மா, "அவசரத்துக்கு ஒரு நாளைக்குப் பாவிச்சா என்ன?" என்று மெல்லக் கேட்டார். நான் அவர் பக்கம் திரும்பி, "இண்டைக்கு மட்டும் எண்டுதான் எல்லாரும் தொடங்கிறவை" என்றேன். பின்வரிசையில் அபி உட்கார்ந்திருந்தாள். அவள் கண் வெட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பெருமைப்படுகிறாள் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அவள் அதைப் பாடமாக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அடுத்த நாளிலிருந்து அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் என்னை 'லஞ்ச்சீட் அங்கிள்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். எனக்கு அதிலும் பெருமை.

திங்களிலிருந்து வியாழன்வரை பெட்டிக்குள் போனது பேக்கரிப் பாண். ஆறின சாமான். பெட்டி இலகுவாகத் திறந்தது, இலகுவாக மூடியது. மரத்தில் அபிக்கு நான்கு இலைகள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதிபரே வந்து வகுப்பு வகுப்பாகப் பெட்டிகளைப் பார்ப்பார் என்றார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு எங்கள் வீட்டில் இன்னொரு முக்கியத்துவம் இருந்தது. பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான தெரிவுகள் நடந்துகொண்டிருந்தன. பச்சை இல்லத்தின், தடியைக் கைமாற்றி ஓடுகிற அஞ்சலோட்டத்தில் அபி மேலதிக ஆள். அதாவது வேறு யாராவது ஓடமுடியாமல் போனால் ஓடுகிறவள். நான்கு வருடமாக எதற்கும் மேலதிக ஆளாகவே இருந்தவள் அவள். நாடகத்தில் மரம். கூட்டுப் பாட்டில் கடைசி வரிசை. அந்த வாரம் ஓடவேண்டிய பிள்ளைக்குக் கொப்புளிப்பான் அம்மை போட்டது. (அந்தப் பிள்ளைக்காக நான் கவலைப்பட்டேன். அதையும் சொல்லியாக வேண்டும்.) அபி ஓட வேண்டும் என்று ஆனது. வியாழன் பின்னேரம் முழுவதும் என் குடைக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு குசினிக்கும் பல்கனிக்கும் இடையில் ஓடினாள்.

ஒரு நிபந்தனை இருந்தது. போன வருடம் ஒரு பிள்ளை வெறும் வயிற்றோடு ஓடி மயங்கி விழுந்ததிலிருந்து, இடைவேளையில் சாப்பிடாத பிள்ளையை விளையாட்டு மாஸ்டர் மைதானத்தில் இறக்குவதில்லை. அதைப்பற்றி நான் கவலைப்படவே இல்லை. வாழ்நாளில் நான் கவலைப்படாத ஒரே விஷயம் அதுதான்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மரக்கறிதான். ஜெயந்தி புட்டும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் செய்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். புட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது. கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தேன். உண்மையில் நினைத்தேன். அப்போதுதான் கைபேசி அடித்தது. வான்காரர்: 'இண்டைக்குப் பத்து நிமிசம் முந்தி வாறன்.' அபி இன்னும் சப்பாத்துப் போடவில்லை. தலை பின்னவில்லை. அந்தச் செய்தியை வாசித்ததற்கும் மூடியை அழுத்தியதற்கும் இடையில் என் கைகள் என்ன செய்தன என்று எனக்கு ஞாபகம் இல்லை. கைகள் வேலையைச் செய்தன. நான் வானைப்பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

பத்து ஐம்பதுக்கு அலுவலகத் தொலைபேசிக்கு அழைப்பு வந்தது. மெட்டில்டா டீச்சர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். கெட்ட செய்தியையும் பூசை முடிந்து வெளியே வந்தவர் கதைப்பதுபோல் நிதானமாகத்தான் சொல்வார்.

"அபிநயாட அப்பாவா? பயப்படாதீங்க. புள்ளைக்கு ஒண்ணுமில்ல."

'பயப்படாதீங்க' என்று கேட்டால் நான் உடனே பயப்படத் தொடங்கிவிடுவேன். கதிரையை விட்டு எழும்பினேன்.

"சாப்பாட்டுப் பெட்டி தொறபடல்ல. நான் பாத்தேன், பக்கத்து வகுப்பு டீச்சர் பாத்தாங்க, மாஸ்டர் அடிமட்டம் போட்டு நெம்பினாரு, அடிமட்டம் ஒடஞ்சிடுச்சு. நீங்க கொஞ்சம் வர ஏலுமா?"

"வேற ஏதாவது குடுக்கேலாதா டீச்சர்?"

"குடுத்தோமே. புள்ளைங்க எல்லாம் பங்கு குடுத்துச்சு. ஒண்ணு மீன் பணிஸ், ஒண்ணு சீனிச்சம்பல், அதுல மாசிக் கருவாடு இருக்கு, இண்டைக்கு வெள்ளியாம், சாப்பிடமாட்டாளாம். கன்டீன்ல மரக்கறி ரொட்டி இருக்கு. வாங்கிக் குடுத்தா, லஞ்ச்சீட்ல சுத்தியிருக்குன்னு தள்ளி வச்சிட்டா." கொஞ்சம் நிறுத்தினார். "பிஸ்கட்டும் வேணாமாம். பொலித்தீனாம். எங்க அப்பா வேணாம்னு சொன்னாருன்னு சொல்றா."

பம்பலப்பிட்டியிலிருந்து ஓட்டோவில் போனேன். வழியில் ஒரு சீப்பு கோழிக்கூட்டு வாழைப்பழம் வாங்கினேன். இயற்கையே உறை போட்டுத் தந்த சாப்பாடு, இதை யார் குறை சொல்ல முடியும் என்று எனக்குள் ஒரு சின்ன வெற்றி. பாடசாலை வாசலில் இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது: வாழைப்பழத்தின் மணம் பட்டாலே அபிக்கு ஓங்காளம். பிறந்ததிலிருந்து அப்படி. பக்கத்தில் நின்று வளர்த்த எனக்கு ஓட்டோவுக்குள் அது மறந்துபோனது. (அந்தச் சீப்பில் விளையாட்டு மாஸ்டர் இரண்டு பழம் சாப்பிட்டார். மிச்சம் எங்கே போனதென்று தெரியாது.)

வாசலில் காவலுக்கு இருக்கும் பியசேன அங்கிள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பெட்டி அவரிடமும் போய்த் திரும்பியிருக்கிறது. "மஹத்தயா, மேக்க வெல்ட் கரலத?" என்று சிங்களத்தில் கேட்டார். ஐயா, இதை வெல்டிங் பண்ணி அனுப்பினீர்களா என்று. அவர் பகிடி விடவில்லை. உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

வகுப்புக்கு வெளியே விறாந்தையில் ஒரு வாங்கு. அதில் அபி. மடியில் பெட்டி. சுற்றிவர நான்காம் வகுப்பு. என்னைக் கண்டதும் ஒரு பொடியன், "லஞ்ச்சீட் அங்கிள் வந்திட்டார்" என்று அறிவித்தான். கூட்டம் வழி விட்டது. அவர்கள் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

"அப்பா, பதினொண்டே முக்காலுக்கு ஓட்டம்" என்றாள் அபி. உதடு காய்ந்திருந்தது.

நான் கைக்குட்டையால் பிடித்து இழுத்தேன். பெட்டியை முழங்கால்களுக்கு இடையில் வைத்து இழுத்தேன். தரையில் தட்டினேன். மூடி சற்றே உள்ளே குழிந்திருந்தது. என்னைப் பார்த்துக் கன்னம் ஒட்டிச் சிரிப்பதுபோல் இருந்தது. விளையாட்டு மாஸ்டர் பக்கத்தில் நின்று, "சார், கதவு நிலையில வச்சு நெருக்கிப் பாப்பமா?" என்றார். வைத்தோம். கதவில் பூச்சு உரிந்தது. சத்தம் கேட்டு அதிபர் வந்தார். கையில் மரத்தில் ஒட்டுகிற இலைகள் இருந்த ஒரு தட்டு. "ஆ, நீங்களா" என்றார். செவ்வாய்க்கிழமைப் பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது.

ஜெயந்தியைக் கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் இதற்கு வழி தெரிந்துவிடும் என்று எனக்கு ஓட்டோவிலேயே தெரியும். ஆனால் அவள் கேட்கப்போகும் கேள்வியும் தெரியும். மகளின் உதட்டைப் பார்த்தேன். கைபேசியை எடுத்தேன்.

"சுடச்சுட வச்சு மூடினீங்களோ?" அதுதான் முதல் கேள்வி.

"ஓம்."

"ஆவி பறக்கப் பறக்க?"

"வான் வேளைக்கு வந்திட்டுது ஜெயந்தி..."

மறுமுனையில் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. "உள்ள இருந்த ஆவி குளிர்ந்து மூடியை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. இதைத்தான் போன கிழமை போர்டில கீறிப் படிப்பிச்சனான். கன்டீன்ல சுடுதண்ணி வாங்கி ஒரு பேசினுக்குள்ள பெட்டியை வையுங்கோ. இழுக்காதீங்கோ. நான் ஒரு பாடம் மாத்தித் தரச் சொல்லிப்போட்டு வாறன்."

கன்டீன் அன்ரி தேத்தண்ணிக்குக் கொதித்த தண்ணீரை ஒரு பேசினில் கொண்டுவந்து வைத்தார். பெட்டியை இறக்கினோம். நான்காம் வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மாஸ்டர் துவாயால் மூடியைப் பிடித்து மெல்லத் திருகினார்.

'டப்' என்று ஒரு சத்தம்.

எல்லோரும் கை தட்டினார்கள். பியசேன அங்கிள் வாசலை விட்டுவிட்டு வந்து கை தட்டினார். அதிபர் தட்டிலிருந்து ஓர் இலையைக் கையில் எடுத்துவிட்டார். நான் மூடியைத் தூக்கினேன்.

பெட்டிக்குள், நான்கு மூலையும் அளவெடுத்து மடித்தபடி, ஒரு சுருக்கம் இல்லாமல், புட்டைச் சுற்றி ஒரு லஞ்ச்சீட் இருந்தது.

இதுதான் இரண்டாவது பிழை. ஆறு வருடப் பழக்கம். வான்காரரின் செய்தியைப் பார்த்துத் தலை பதறிய நேரத்தில், கைகள் தங்கள் பாட்டில் அரிசி வாளிக்குப் பின்னால் போய், ஒன்றை உருவி, விரித்து, மடித்து, வேலையை முடித்துவிட்டுத் திரும்பியிருக்கின்றன. மடிப்பைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது, அது என்னுடைய மடிப்பு. வேறு யார் மேலும் பழி போட வழியே இல்லை.

கை தட்டல் ஒரு மூலையிலிருந்து மெல்ல மெல்ல நின்றது. அதிபர் இலையை மீண்டும் தட்டில் வைத்தார், சத்தம் வராமல். மெட்டில்டா டீச்சர் யன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. முன்னால் நின்ற பொடியன் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், "லஞ்ச்சீட் அங்கிள்ட புள்ளைட பெட்டியில லஞ்ச்சீட்" என்றான். அவன் கேலி செய்யவில்லை. செய்தி வாசித்தான்.

அபி அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவள் அழவில்லை. பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது பொலித்தீன், அப்பா."

"ஓம் பிள்ளை. அப்பா மறந்துபோய் வச்சிட்டன். நீ சாப்பிடு."

"நான் சாப்பிட மாட்டன்."

நான் விறாந்தைத் தரையில் குந்தி, அவள் உயரத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "ஓட்டம் இருக்கெல்லோ. இண்டைக்கு மட்டும்."

வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. அவள் மெல்லிய குரலில், செவ்வாய்க்கிழமை நான் சொன்ன அதே தொனியில், "இண்டைக்கு மட்டும் எண்டுதான் எல்லாரும் தொடங்கிறவை" என்றாள்.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை அதைப் பசியோடு தூக்கிக்கொண்டு நிற்கிறாள். மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். நல்ல மனுசன். ஆனால் விதி விதிதான். "இன்னும் கொஞ்ச நேரம் பாப்பம் சார். சாப்பிடலேன்னா மத்தப் புள்ளையத்தான் போடணும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பதினொன்றரை ஆகிவிட்டது.

அவள் ஓடினாளா என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களையும் கவலைப்பட வைப்பது நியாயமில்லை. ஓடினாள். இரண்டாவது ஆளாக ஓடினாள். தடியை வாங்கும்போது ஒருமுறை நழுவவிட்டுப் பிடித்தாள். பச்சை இல்லம் மூன்றாவதாக வந்தது. மூன்று இல்லங்கள்தான் ஓடின என்பதை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை இலை கிடைக்கவில்லை. மரத்தில் அவளுக்கு நான்கு இலைகளோடு நின்றது. இப்போது அபி அந்தப் பழைய பிளாஸ்டிக் பெட்டியைத்தான் கொண்டுபோகிறாள். ஏழாவது வருடம். உள்ளே சீட் இல்லை, வெளியே பை இல்லை. பின்னேரம் நான் கழுவுகிறேன். உருளைக்கிழங்குப் பிரட்டலின் மஞ்சள் அதில் ஏறிவிட்டது, போகாது. எவர்சில்வர் பெட்டியில் சீனி போட்டு வைத்திருக்கிறோம். எறும்பு கூட உள்ளே போவதில்லை. நான் எங்காவது எழும்பிப் பேச வெளிக்கிட்டால், ஜெயந்தியும் அபியும் ஒரே நேரத்தில் வாயால் 'டப்' என்று சத்தம் போடுவார்கள். நான் திரும்ப உட்கார்ந்துவிடுவேன்.

ஆனால் அந்தப் பதினொன்றரைக்கு இது ஒன்றும் தெரியாது. நான் தரையில் குந்தியிருந்தேன். அபி வாங்கில் இருந்தாள். நடுவில் பெட்டி திறந்து கிடந்தது. முக்கால் மணி நேரமாகத் திறக்காமல் அழிச்சாட்டியம் பண்ணிய பெட்டி, இப்போது மூட வழியில்லாமல் கிடந்தது.

அப்போதுதான் விறாந்தைக் கோடியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெயந்தி வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள், விரல்களில் சோக்குத் தூள். மெட்டில்டா டீச்சருக்கும் அதிபருக்கும் தலையசைத்துவிட்டு, பெட்டிக்குள் பார்த்தாள். மடிப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

மூடியை எடுத்து மல்லாத்தி அபியின் மடியில் வைத்தாள். பெட்டிக்குள்ளிருந்த சீட்டை அப்படியே தூக்கி, புட்டையும் பிரட்டலையும் அந்த மூடியில் சரித்தாள். சீட்டை ஒருமுறை உதறினாள். இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், குனிந்து என் சட்டைப் பைக்குள் வைத்தாள். பிரட்டல் எண்ணெய் என் நெஞ்சில் மெல்லப் பரவுவது தெரிந்தது.

"புட்டு உன்ர. சீட் அப்பாட" என்றாள் அபியிடம். "நீ இருந்து சாப்பிடு. நாலு வாய் போதும், ஓடலாம். திங்கக்கிழமையில இருந்து அப்பா இந்த ஒரு சீட்டிலதான் கந்தோருக்குச் சோறு கொண்டு போவார். கழுவிக் காயப்போட்டு, திருப்பி அதிலயே. இது கிழியுமட்டும்."

அபி எவர்சில்வர் கரண்டியை எடுத்தாள். முதல் வாயை வைத்து, மென்று, யோசித்து, தாயிடம் கேட்டாள்: "எப்பம்மா கிழியும்?"

"அது கிழியாது பிள்ளை" என்றாள் ஜெயந்தி. "அப்பாதானே கூட்டத்தில சொன்னவர், நாங்கள் எல்லாரும் போன பிறகும் இது இருக்குமெண்டு."